கண்ணாடிக் கடைச் சண்டை

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு காதில் விழுந்தது. எனக்குக் கதை என்றாலே பேச்சுதான். முகங்களைப் பிறகு ஒட்டவைத்துக்கொள்வேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘மழை கொட்டிய ஒரு மாலையில் அந்தப் பிரபல எழுத்தாளர்—’ மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2

அன்று கடைக்கு வந்திருந்த எழுத்தாளர் என்னைப் போலக் கதை எழுதுகிறவர் அல்ல, கருத்து எழுதுகிறவர். ‘சண்டை போடுங்கள்’ என்ற அவருடைய புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பு காண்கிறது. சேர்ந்து வேலை செய்கிறவர்கள் மறுத்துப் பேசிக்கொண்டால் தவறு குறையும் என்பது அதன் சாரம். சான்று, அவருடைய அக்காவும் அக்கா கணவரான மாமாவும் நடத்தும் இந்தக் கடை. மாமா மருத்துவர் சீட்டைப் படிப்பார். அக்கா எட்டிப் பார்த்து மறுப்பார். மாமா கடுகடுவென்று மறுபடி படிப்பார். பிறகுதான் லென்ஸ்.

புத்தகம் வந்ததும் வாசகர்கள் சண்டை பார்க்க வந்தார்கள். கைகூடத் தட்டினார்கள்.

3

“ஒரு பஸ் டிரைவருக்குத் தப்பா கொடுத்துட்டோம்டா,” என்றார் அக்கா. “உங்க மாமா வலதையும் இடதையும் மாத்திப் படிச்சுட்டார். நல்லவேளை, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே அந்த மனுஷன் திரும்பி வந்துட்டார்.”

“நீ மறுக்கலையா?”

“மறுத்தேனே! ‘கண்ணு அவிஞ்சா போச்சு’ன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. சீட்டை யார் பார்த்தா?”

“வசனம் பேசுறா மாப்பிள்ளை,” என்றார் மாமா. “வீட்டுல திட்டினாகூட எது நிஜம்னு தெரியல.”

“புதுப் பதிப்புல எங்களை எடுத்துடு.”

“மொத அத்தியாயமே நீங்கதான்க்கா. எடுத்தா புத்தகம் நிக்காது.”

“எங்க கடை நிக்க வேணாமா?”

(இங்கே எழுத்தாளரைப் பேராசைக்காரராக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. அடுத்து அவர் கேட்டது இது: “மத்தவங்க வேடிக்கை பார்த்தாலே சண்டை மாறிடுமாக்கா?” தெரிந்துகொள்ளத் துடிக்கிற குரல்.)

4

முடிவு ஒன்று: அத்தியாயத்தைக் கிழித்துப் போடுகிறார். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டு: மறுக்கிறார், அக்கா அழுகிறார். இந்த அக்காவா!

நடந்தது:

“சரி, எடுத்துடுறேன். ஏன் எடுத்தேன்னு ஒரு வரி போடணுமே?”

“கடையை மூடிட்டாங்கன்னு போடு,” என்றார் மாமா.

“வாயில நல்லதே வராதா? நாளைக்கு எவன் வாங்க வருவான்?”

“வேடிக்கை பார்க்கிறவன் வரமாட்டான்ல!”

“வாங்குறவனும் வரமாட்டான்! யோசிச்சுப் பேசுங்க!”

மாமாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. எழுத்தாளர் பேனாவை எடுத்தார்.

“டேய், எழுதாதே!” இருவரும் சேர்ந்தே கத்தினார்கள்.

மூடிவிட்டார்.

சண்டை அதற்குப் பிறகும் நீண்டது. மாமா திருப்பிக் கொடுத்த பதில் பிரமாதம். அது: “உன் அப்பா அன்னிக்கே—

இல்லை. நானும் மூடிவிடுகிறேன். முடிவு வேண்டுமென்றால் உங்கள் வீட்டுச் சண்டை ஒன்றை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.