எல்லா அமாவாசைக்கும் ஏன் இல்லை

"தமிழ் கேக்கதுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டணும், அது வீட்டிலேயே சும்மா கிடைக்குதேன்னு பிள்ளைகளுக்க அப்பாமாரு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்ல?" என்றார் தலைமையாசிரியை ஞானம் அம்மாள்.

நாகர்கோவிலில் அந்தப் பெண்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து சயன்ஸ் டீச்சர் ராகேல் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான். நாலாம் பாரம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சயன்ஸைத் தமிழில் நடத்த விட வேண்டும். இங்கிலீஷில் நடத்தினால் அவர்கள் தலையாட்டுகிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், அப்படியே ஒப்பிக்கிறார்கள். என்ன சொன்னோம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ராகேல் தூர தேசத்துக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவள். வெண்பனி கொட்டிக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கதையில் வண்டிக்காரன் பனியில் வழி தவறியபோது, பங்குனி வெயிலில் உட்கார்ந்து படித்த அவளுக்கு விரல் விறைத்தது. பனி தமிழில் வரும்போது கிரகணம் வராதா?

"சரி" என்றார் ஞானம் அம்மாள் கடைசியில். "ஒரே ஒரு பாடம். கிரகணம். 'ஏ' பிரிவுக்குத் தங்கபாய் இங்கிலீஷில நடத்தட்டும், 'பி' பிரிவுக்கு நீ தமிழில நடத்து. பிறகு ரெண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. உனக்க பிள்ளைகள் நல்லா எழுதினா வருஷம் முழுக்கத் தமிழ். இல்லைன்னா இந்தப் பேச்சை எங்கிட்ட இனி எடுக்கப்பிடாது."

ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ராகேல் 'பி' பிரிவு வகுப்பின் ஜன்னல்களைச் சாத்தி, மேஜைமேல் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்தாள். அது சூரியன். பனங்காய் ஒன்று பூமி. எலுமிச்சங்காய் நிலா.

"மத்தியானம் நிலாவை ஊறுகாய் போட்டிரலாமா டீச்சர்?" என்றாள் குளோரி. கோட்டாற்றுப் பெண். அவள் வாய் சும்மா இருக்காது.

"பூமியைத் தின்னுட்டு அதைப் போடலாம்" என்றாள் ராகேல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தப் பிள்ளைகள் சயன்ஸ் வகுப்பில் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

எலுமிச்சங்காயை விளக்குக்கும் பனங்காய்க்கும் நடுவே கொண்டுபோனாள். பனங்காய்மேல் சின்னதாக நிழல் விழுந்தது. "இந்த நிழலுக்குள்ள நிக்கவனுக்குச் சூரியன் தெரியாது. அதுதான் கிரகணம். நிலா இப்படி நடுவில வர்ற நாள் எது?"

"அமாவாசை!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

பின்வரிசையில் தேவகனி எழுந்தாள். எழுந்ததே அதிசயம். வருஷம் பிறந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை.

"டீச்சர், அப்போ எல்லா அமாவாசைக்கும் ஏன் கிரகணம் பிடிக்கல்ல?"

பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. "வா மக்கா. நீயே கண்டுபிடி" என்று ராகேல் எலுமிச்சங்காயை அவள் கையில் கொடுத்தாள்.

தேவகனி அதைப் பனங்காயைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனாள். ஒரு தடவை கை கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் அப்படியே நின்றாள்.

"ஏட்டி, நிழலைக் காணல்ல!" என்றாள் குளோரி.

"மேல போவுது டீச்சர்!" என்றாள் தேவகனி. "நிலாவுக்க வழி கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு. ஏறிப் போனாலும் இறங்கிப் போனாலும் நிழல் பூமியில விழாது. நேரா வந்தாத்தான் பிடிக்கும்."

ராகேல் அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. அப்போதுதான் கவனித்தாள். ஒருத்தியாவது நோட்டைத் திறந்திருக்கவில்லை. பென்சில்கள் மேஜையில் கிடந்தன.

"ஏன் எழுதல்ல? எழுதுங்க பிள்ளைகளே."

குளோரி சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள், "பாடம் தொடங்கியாச்சா டீச்சர்?"

"இவ்வளவு நேரம் நடந்தது என்னட்டி?"

"கதை சொன்னியள்லா."

பரீட்சைக்கு ராகேல் கரும்பலகையில் கேள்விகளை இரண்டு மொழியிலும் எழுதிப் போட்டாள். தமிழில் எழுதலாம், முழு மார்க்கு உண்டு என்று இரண்டு தடவை சொன்னாள். கடைசிக் கேள்வி, தேவகனி அன்று கேட்ட அதே கேள்விதான்.

விடைத்தாள்களை ஞானம் அம்மாளே திருத்தி, ராகேலைக் கூப்பிட்டனுப்பினார். 'பி' பிரிவில் ஒருத்திகூடத் தமிழில் எழுதவில்லை. எல்லாம் தங்கபாய் டீச்சர் கொடுத்த இங்கிலீஷ் வாக்கியங்கள், கால்புள்ளி மாறாமல். கடைசிக் கேள்விக்கும் எல்லாரும் கிரகணம் என்றால் என்ன என்பதையே எழுதியிருந்தார்கள். தேவகனியும்.

"ரெண்டு பிரிவும் ஒண்ணுபோல மார்க்கு" என்றார் ஞானம் அம்மாள். "பின்ன எதுக்கு ராகேல் இந்தப் பாடு?"

ராகேல் வகுப்புக்கு ஓடினாள். "தங்கபாய் டீச்சருக்க நோட்ஸ் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"'ஏ' பிரிவுல வாங்கி எல்லாரும் எழுதிப் படிச்சோம்" என்றாள் குளோரி கூசாமல். "பரீட்சைன்னா பாடம் வேணும்லா டீச்சர்."

"தேவகனி, நீ கேட்ட கேள்வி. நீ கண்டுபிடிச்ச பதில். அதை ஏன் எழுதல்ல?"

தேவகனி பயந்துபோய்ச் சொன்னாள். "அது நான் சும்மா சொன்னதுதானே டீச்சர். அது எப்படிப் பாடம் ஆகும்?"

"உனக்கு இப்பவும் தெரியுமா?"

"தெரியும். வழி சரிஞ்சு கிடக்குல்லா, அதான்."

ராகேல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள். "அம்மா, இவ வாயால கேளுங்க. இதைக் கேட்டுட்டு நீங்க என்ன முடிவு சொன்னாலும் சரி."

ஞானம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அன்பாகத்தான் கேட்டார். "எல்லா அமாவாசைக்கும் ஏன் கிரகணம் வரல்ல? சொல்லு மோளே."

தேவகனி கைகட்டி நின்றாள். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே வீச்சில் ஒப்பித்தாள். "வென் தி மூன் கம்ஸ் பிட்வீன் தி சன் அண்ட் தி எர்த், இட் இஸ் கால்ட் அன் எக்லிப்ஸ் ஆஃப் தி சன்."

"அது இல்ல மக்கா" என்றாள் ராகேல். "கையால காட்டு. அன்னைக்கு நிலா எப்படிப் போச்சு?"

தேவகனி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தலைமையாசிரியைக்கு முன்னால் கையை ஆட்டிப் பேசலாமா?

"விடு ராகேல். பிள்ளையை ஏன் படுத்துத?" ஞானம் அம்மாள் அவள் தலையைத் தடவினார். "வெரி குட். வாயே திறக்காத பிள்ளை எவ்வளவு சுத்தமா இங்கிலீஷ் சொல்லுது பாத்தியா! எல்லாம் நீ பட்ட பாட்டுக்குப் பலன்தான்."

தேவகனியின் முகம் மலர்ந்தது. டீச்சரும் சந்தோஷப்படுவாள் என்று அவள் ராகேலைத் திரும்பிப் பார்த்தாள். ராகேலுக்குச் சிரிக்க வேண்டியிருந்தது.