கருந்தேளின் கை

சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரமாகியும் மூட்டை தூக்குகிறவர் குழாயடியிலேயே நின்றிருந்தார். சிமெண்டுத் தூள் விரலிடுக்கில் ஏறிவிட்டால் சோப்புக்கும் மசியாது. மெனக்கெட்டுத் தேய்க்க வேண்டும். பின்னால் வந்த லாரி டிரைவர் செல்போனை முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, உங்க கையை எட்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க. நீங்க என்னடான்னா இன்னும் கழுவிக்கிட்டே இருக்கீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் எழுதிவிடுவார்கள்.

வாரம் ஆறு நாள் கிடங்கில் மூட்டை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மல்யுத்த மேடை. கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு பதினோரு வருடமாக அவர்தான் கருந்தேள். ஏறுவது, ஏமாற்றுவது, கடைசியில் நல்லவன் வேடக்காரனிடம், இந்த நாலு வருடமாகத் தங்கச் சிறுத்தையிடம், உதை வாங்கி விழுவது. யார் ஜெயிப்பது என்பதெல்லாம் மேடைக்குப் பின்னாலேயே பேசி முடிவாகிவிடும். அதை வெளியே சொல்லக் கூடாது, கட்டிய மனைவியிடம்கூட. ஜனங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆட்டத்தில் மண்ணை வாரித் தூற்றியவர்களே வெளியே வந்ததும் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த மரியாதை போய் மூன்று மாதமாகிறது.

மூன்று மாதத்துக்கு முன் சிறுத்தை மேல்கயிற்றிலிருந்து பாய்ந்து, தப்பாக விழுந்தான். கழுத்தில் அடி. அப்படி ஒருவன் விழுந்தால் எதிராளி ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். விழுந்தவன் விரலால் ஒரு தடவை அமுக்கினால் நலம், ஆட்டம் தொடரலாம். அமுக்கவில்லையென்றால் நடுவருக்குக் கண் காட்ட வேண்டும். கூட்டத்துக்குத் தெரியக் கூடாதென்பதால், முகத்தில் வெறியை வைத்துக்கொண்டேதான் பிடிக்க வேண்டும். அன்று அமுக்கு வரவில்லை. பிடி பிசகியிருக்குமோ என்று கையை மாற்றிப் பிடித்தார். அப்போதும் வரவில்லை. உடனே நடுவருக்குக் கண் காட்டினார்.

எவனோ எடுத்த வீடியோவில் கண் காட்டியது இல்லை. பதினோரு விநாடிதான். கையை மாற்றிப் பிடிக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, சிவப்பு வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தான்: 'விழுந்தவன் கையை முறுக்குகிறான் பாருங்கள்.' அதற்கு முந்தின மாதம்தான் இதைப் பரப்பிய அதே ஆட்கள் சிறுத்தையை அட்டைக்கத்தி, குதிக்கத் தெரியாதவன் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இப்போது அவன் படத்தைத் தங்கள் முகப்பில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

கிடங்கு வேலை முடிந்ததும் அவர் சிறுத்தையின் வீட்டுக்குப் போனார். கழுத்துப் பட்டையைக் கழற்றி ஒரு வாரம் ஆகியும், அவன் பழக்கத்தில் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்த்தான்.

"நீங்க பிடிச்சதாலதான் ஆட்டம் நின்னுச்சு. இல்லன்னா நான் இன்னைக்கு எழுந்து நடப்பேனா? எனக்குத் தெரியாதாண்ணே?"

"அதையே ஒரு வரி போடேன் தம்பி."

அவன் செல்போனைக் குப்புறக் கவிழ்த்தான்.

"முதலாளி கூடாதுன்னுட்டாரு. இந்த ஞாயிறு நான் திரும்பி வர்ற ஆட்டம், ஒரு சீட்டு மிச்சமில்ல. அதோட, கை அமுக்குறதைச் சொன்னா மத்ததையும் சொல்லணும். நூலை இழுத்தா வேட்டியே வந்துடும்." கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நாலு வருஷமா என்னை அட்டைக்கத்தின்னாங்கண்ணே. இப்பதான் மனுசனா மதிக்கிறாங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் பேருந்தில் உட்கார்ந்து, வீடியோவுக்கு அடியில் அவரே எழுதினார். முப்பத்தெட்டு வயதில் மனைவியிடம் எழுத்துப் படித்தவர். ஒருவர் எழுதியதைக் கூட்டிப் படிப்பதற்குள் அடியில் பத்து வந்துவிடும். எழுதி முடிப்பதற்குள், இறங்க வேண்டிய இடத்தை விட்டு மூன்று நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. 'நான்தான் அது. நான் முறுக்கல.' இறங்கித் திரும்பி நடக்கையில் பதில் வந்தது: 'அடேய் போலி, கருந்தேளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்.' கீழே நானூறு சிரிப்பு முகங்கள்.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. அங்கே உடன் வேலை செய்கிறவர்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அதை அவள் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பா பாதியோடு திரும்பி வந்தது. சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நிஜமா முறுக்கலையே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடச் சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையையே வாங்கி, எங்கே பிடித்தது, எப்படி மாற்றிப் பிடித்தது என்று காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "ஆனா வீடியோவுல அப்படித் தெரியலையே."

அவள் சமையலறைக்குப் போனதும் அவர் வீடியோவைப் போட்டார். நாலாம் தடவையில் தன் கை முறுக்குவது போலத்தான் இருந்தது. ஏழாம் தடவையில் அதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அன்று மனதுக்குள் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். சிறுத்தை மேல் சின்னப் பொறாமை ஏதும் இருந்ததா? பதினோரு வருடமாக விழுந்துகொண்டே இருப்பவனுக்குக் கொஞ்சம்கூடவா இருந்திருக்காது?

ஞாயிற்றுக்கிழமை முதலாளி திரைக்குப் பின்னால் வந்து முதுகில் தட்டினார். "இன்னைக்கு உனக்கு வேலையே இல்லப்பா. போய் நின்னாப் போதும்."

திரையை விலக்கினார்கள். மூச்சுக் காற்று போலச் சூடாக ஒரு சத்தம் வந்து மோதியது. வழக்கமாக இந்த இடத்தில் பல்லைக் காட்டிச் சீறுவார். இன்று அவர் முகத்தைப் பார்க்க ஆளில்லை. இரண்டு பக்கமும் செல்போன்கள் உயர்ந்து, அத்தனையும் அவருடைய வலது கையை நோக்கிச் சாய்ந்திருந்தன. விரலை மடக்கினார்; கூச்சல் கூடியது. விரித்தார்; இன்னும் கூடியது. தொங்கவிட்டால் அது யாருடைய கையோ போல ஆடியது. கடைசியில் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

"கையில என்னமோ மறைக்கிறான்டா," என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். பக்கத்திலிருந்த பெண் பெஞ்சின் மேல் ஏறி நின்று, அவர் முதுகு தெரியும்படி செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.