நாலில் ஒரு வெள்ளை

...நாலில் ஒன்று என்றால் நாலு முட்டைக்கு ஒன்று கட்டாயம் என்று யார் சொன்னது, ஒவ்வொரு முட்டைக்கும் தனிச்சீட்டு, முன்னால் விழுந்தது பின்னால் விழுவதற்குத் தெரியாது, இதை டுவைனுக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று, புருஷன் கேட்டால்தானே... வெர்னா ஐந்தாவது முட்டையின் தோலைச் சின்னக் கத்தரியால் கீறி விலக்கினாள். பழுப்பு. இதுவும் பழுப்பு. ஒக்லஹோமா முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருக்கிறது, அவள் நிலவறையில் மண்டியிட்டு மலைப்பாம்புக் குட்டிக்கு நிறம் பார்க்கிறாள். தாயும் தகப்பனும் பழுப்புதான், ஆனால் வெள்ளைத் திட்டு மரபணுவை ஆளுக்கொன்றாய் உள்ளே மறைத்து வைத்திருக்கின்றன, சேர்த்தால் குட்டி நாலில் ஒன்று வெள்ளைத் திட்டோடு வரும் என்று விற்றவன் எழுதிக் கொடுத்த காகிதம், அதை நம்பி மூன்று வருடம், எலி நாற்றம், சூடேற்றிய இழுப்பறைகள், கரண்ட் போனால் செத்துப்போகும் என்று அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை... இன்றைக்கு ஒரு வெள்ளை வந்தால் இங்கேயே இருப்பேன், வராவிட்டால் அக்காவிடம் போய்விடுவேன். இதென்ன பைத்தியக்காரத்தனம், தன் வாழ்க்கையை யாராவது பாம்பு முட்டையிடம் கேட்பார்களா? கேட்டாயிற்றே.

"இன்னும் ஒண்ணு இருக்குல்ல, கண்ணு," பின்னால் காப்பிக் கோப்பையோடு டுவைன். "கடைசிதான் வெள்ளை, பாரேன்."

"உனக்கு எப்பவுமே கடைசிதான் வெள்ளை. பேசாம நில்லு."

கீறினாள். மஞ்சள். பளீரென்ற மஞ்சள். இது எங்கிருந்து வந்தது, மஞ்சள் ஒளிந்திருக்கிற குணமில்லையே, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே மேலே தெரிந்துவிடுமே, தாயிடம் இல்லை, தகப்பனிடம் இல்லை... அட கடவுளே. போன வருடம் தாய்ப்பாம்பைப் பக்கத்து ஊர் ராண்டலின் மஞ்சள் ஆணோடு சேர்க்க விட்டிருந்தார்கள், முட்டையே இடவில்லை, சரிப்படவில்லை என்று தூக்கி வந்துவிட்டார்கள். பெண் பாம்பு விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து பிறகு சூல்கொள்ளும் என்பது தெரியாதவர்களா, தெரிந்தும் அவசரம், மறந்துபோனார்கள்.

"ராண்டல் பாம்புகிட்ட வெள்ளை ஏது, அதோட குட்டியில பாதி பழுப்பாத்தானே வரும், அப்ப மத்ததுங்களும் ராண்டல் வீட்டுதாக்கூட இருக்கலாம்!" டுவைன் சிரித்த சிரிப்பில் காப்பி தரையில் சிந்தியது. "நம்ம ஆம்பளப் பாம்பு இன்னும் தோக்கல, வெர்னா! அடுத்த வருஷம் மறுபடி சேத்துப் பாப்போம்."

அடுத்த வருடம். ஐந்து பழுப்பும் எதையும் நிரூபிக்கவில்லை, காகிதம் பொய்யென்றும் ஆகவில்லை, மெய்யென்றும் ஆகவில்லை, இருப்பதா போவதா என்று அவள் கேட்டதற்கும் பதில் இல்லை. இன்னொரு வருடம் இதே நிலவறையா, முடியாது, கத்த வேண்டும், இவன் கையிலிருக்கிற கோப்பையைப் பிடுங்கி உடைக்க வேண்டும், ஆத்திரம் வரத்தான் செய்கிறது... ஆனால் அந்த மஞ்சளைக் கண்டதும் முதலில் வந்தது ஆத்திரம் இல்லையே. அப்பாடா என்று ஒரு மூச்சல்லவா வந்தது. அது ஏன் வந்தது?