ஜாம் பாட்டிலில் ஒரு வேர்

என் புருஷன் மெர்வுக்கு மூக்கோரம், கண்ணுக்குச் சற்றுக் கீழே, முத்துப்போல மினுமினுப்பாய் ஒரு பரு. சவரம் செய்தால் ரத்தம் வரும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி ரத்தம். ஒரு வருஷமாக ஆறவில்லை. கரும்புக்காட்டில் ஆயுசெல்லாம் தொப்பியில்லாமல் டிராக்டர் ஓட்டியவன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை நகத்தால் நோண்டுவான். அதே விரலால் ரொட்டியை எடுப்பான். நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

“டாக்டர்கிட்ட காட்டித் தொலையேன், மெர்வ். கண்ணுகிட்ட இருக்கு.”

“ஒரு பருவுக்காக பண்டாபெர்க் டவுன் வரைக்கும் போகணுமா? உனக்கு வேற வேலை இல்ல, டெஸ்லி.”

பக்கத்துத் தோட்டத்து எரல் ஒரு கறுப்புக் களிம்பைக் கொடுத்தான். மாட்டு மருவுக்குப் போடுவதாம். பூசியதும் சதை வெந்து, கறுத்து, நாறியது. தலையணை உறையெல்லாம் சீழ். நான் வேறு அறையில் படுத்துக்கொண்டேன். ஒருநாள் அந்தக் கறுப்புக் கட்டி தானாக விழுந்தது. சீ, அதை என்ன செய்தான் தெரியுமா? ஜாம் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தான்.

கிளப்புக்கும் தூக்கிக்கொண்டு போனான். “பாருங்கடா, வேரோட வந்துடுச்சு.” பீர் குடித்துக்கொண்டே எல்லாரும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். தூ, என்ன ஜென்மங்களோ.

மூக்கோரத் தோல் வழவழவென்று மூடிக்கொண்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

குளிர்காலத்தில் கீழிமை இழுத்துக்கொண்டது, கண்ணில் ஓயாமல் நீர். இந்தத் தடவை நானே வண்டியில் ஏற்றிப் போனேன். சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்த டாக்டரம்மா சொன்னாள்: “தோல் புற்றுநோய். இந்த வகை உடம்பெல்லாம் பரவுறது அபூர்வம். இருக்கிற இடத்தைத் தின்னும். முதல்லயே வந்திருந்தா சின்ன வெட்டு, நாலு தையலோட போயிருக்கும். களிம்பு மேல மட்டும்தான் மூடியிருக்கு. அடியில கண்குழிக்குள்ள போயிடுச்சு.”

கண்ணை எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் மெர்வ் அகலத் தொப்பி வாங்கினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பாட்டிலைக் குப்பையில் போடப் போனேன். “அதை எடுத்துட்டு வா,” என்றான்.

நாங்கள் போனபோது கிளப்பில் எரல், காதில் ஆறாத புண்ணோடு இருந்த லெஸ்ஸிடம் களிம்பு டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தான். மெர்வ் பாட்டிலை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, முகத்துக் கட்டுத்துணியை உரித்தான். சிவப்பாய், ஈரமாய், கசிந்துகொண்டு ஒரு குழி.

“வேரோட வந்துடுச்சுன்னு சொன்னேன்ல,” என்றான். “வேர் இங்க இருந்துச்சு.”

எரல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பாரு எரல்,” என்றேன் நான். “நான் தினமும் துடைக்கிறேன். நீ ஒரு தடவை பாரு.”

பார்த்தான். லெஸ் டப்பாவைத் தொடவில்லை.