நட்சத்திரம் போடாத சீட்டு

பிர்னோ நகரத்து அகராதி அலுவலகத்தில் லிபுஷேவும் ராதோவானும் மழைக்காகப் பதினோரு வருஷமாகச் சண்டை போடுகிறவர்கள். ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாய்மொழியில் மழைக்குப் பெயர் ‘துஜ்தி’. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. இவர்களைப் போன்றவர்கள் ஊகித்துக் கட்டியெழுப்பியது. அப்படிப்பட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். எழுத்திலோ பேச்சிலோ சான்று கிடைத்தால்தான் அது போகும். தங்களுக்கு நிச்சயமில்லை என்பதை இத்தனை அழகாக ஒப்புக்கொள்கிற ஆட்கள் வேறு எங்கும் இல்லை.

‘கெட்ட வானம்’ என்பதிலிருந்து அந்தச் சொல் பிறந்தது என்பது லிபுஷேயின் கட்சி. தூறலைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து வந்தது என்பது ராதோவானின் கட்சி. வெள்ளிக்கிழமை அகராதி அச்சுக்குப் போகிறது. வாதங்களையும் உதாரணங்களையும் எழுதிவைத்த இருவர் சீட்டுகளையும் படித்துவிட்டுப் பதிப்பாசிரியர் ஒன்றைத்தான் ஏற்பார். தோற்றால் பதினோரு வருஷமும் வீண்.

புதன்கிழமை நல்ல வெயில். நிலவறையில் ஈரம் ஏறிய சீட்டுகளை மே மாதத்தில் முற்றத்தில் காயவைப்பது அலுவலக வழக்கம். ராதோவான் நூற்று நாற்பது சீட்டு இருந்த தன் பெட்டியைத் திறந்துவைத்தார்.

“டாக்டரே, மேக்கால கறுத்துக்கிட்டு வருது. உள்ள எடுத்துருங்க,” என்றார் லிபுஷே ஜன்னலிலிருந்து.

“மேகத்தப் பாத்து நடுங்குறது உங்க கட்சி, டாக்டரம்மா! விதை போட்டவன் எவனாவது மழையத் திட்டுவானா?” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார் ராதோவான்.

திரும்புவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

“கெட்ட வானம்! நாசமாப் போற கெட்ட வானம்!” என்று அவர் போட்ட கூச்சல் மூன்று மாடிக்கும் கேட்டது.

லிபுஷேக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறங்கிப்போய்ப் பெட்டிக்குள் பார்த்ததும் நின்றுவிட்டது. மை கரைந்து ஒரு சீட்டும் தேறவில்லை. இனி லிபுஷே சும்மா இருந்தாலே ஜெயித்துவிடலாம்.

வியாழக்கிழமை மதியம் ராதோவானின் மேஜையில் புதிய சீட்டுகள் இருந்தன, நூற்று நாற்பதும். அவருடைய வாதங்கள், அவருடைய உதாரணங்கள், அவர் எப்போதும் தப்பாகவே எழுதும் ஒரு நூலின் ஆண்டு உட்பட எல்லாம் லிபுஷேயின் கையெழுத்தில்.

“இவ்வளவும் எப்படிம்மா ஞாபகம் இருந்துச்சு?”

“பதினோரு வருஷமா வேற யார் பேச்சக் கேட்டேன்?”

அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. ‘கெட்ட வானம்: மழை. சொன்னவர் டாக்டர் ராதோவான். முற்றம், புதன்கிழமை. காதால் கேட்டது.’ நட்சத்திரம் இல்லை.

ராதோவான் அதைப் படித்தார். பிறகு எழுந்துபோய் லிபுஷேயின் பெட்டியில் முதல் சீட்டாக வைத்தார்.