ஐம்பது கிலோ

லொறியின் பின்கதவைத் திறந்ததும் இரண்டு முட்டைக்கோவா உருண்டு விழுந்து வெடித்தன. சுமை தூக்கும் நாட்டாமி இராமர் மூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவற்றைக் காலால் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். விழுந்ததை நாட்டாமிகள் குனிந்து எடுப்பதில்லை. அது சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு. லொறிகள் போனபின் பெண்கள் அந்த இடத்தைக் கூட்டிவிட வேண்டும். காய்கறி மொத்த விற்பனைச் சந்தையில் வெகுகாலமாக அப்படித்தான்.

சீனியம்மா வெடித்த இலைகளைக் கத்தியால் சீவினாள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. எட்டு மணிக்குள் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒழுங்கை முனையில் கூறு வைத்தால்தான் பகல் சமையலுக்கு ஆள் வாங்கும்.

பக்கத்தில் யதுஷா குந்தியிருந்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை. நிலைபேறான மாற்று உணவு முறைக்கு நகரம் எப்படி மாறலாம் என்று கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்கிறாள். மூன்று வாரமாகக் காலையில் வந்து எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுக்கிறாள்.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தின கிலோ எடுப்பீங்கள்?"

சீனியம்மா ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏற்றுவது அரைச் சாக்கு. பத்துக் கிலோ இருக்கும். பத்து என்று சொன்னால் பொறுக்கித் தின்கிறவள் என்று எழுதிவிடுவாளோ என்று பட்டது.

"அம்பது வரும் மிஸ். நாங்க என்னா பிச்சையா எடுக்கிறோம்? யாவாரம்."

மறுபக்கம் இருந்த ஆறாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்காவுக்கு அம்பதுன்னா எனக்கு அறுவது போடுங்க மிஸ்."

யதுஷா இரண்டையும் எழுதினாள். மற்றப் பத்துப் பெண்களும் இவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தியும் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை. போகும்போது யதுஷா, கத்தியும் கோவாவுமாய் இருந்த சீனியம்மாவின் கைகளைப் படம் எடுத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்துச் சுவரோரம் பச்சை இரும்புத் தொட்டி வந்தது. மூடியில் பூட்டு. மேலே மூன்று மொழியில் 'கழிவற்ற சந்தை' என்று பலகை, அதில் சீனியம்மாவின் கைகள். காய்கறிக் கழிவை உரமாக்கும் பசளைக் கம்பனிக்குத் தினம் அறுநூறு கிலோ தருவதாகச் சந்தை நிர்வாகம் கையெழுத்துப் போட்டிருந்தது. கேற்றில் நின்ற காவலாளி கையை நீட்டி, உள்ளே வரக்கூடாது என்று சிங்களத்தில் மறித்தான்.

"அம்மே, எண்ட பே."

ஆறாயி தெஹிவளையில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். சீனியம்மா ஐந்து நாள் வெறும் சாக்கோடு திரும்பினாள். ஆறாம் நாள் யதுஷாவுக்குப் போன் எடுத்தாள். அவள் கேற்றடிக்கு வந்தாள்.

"நான் இப்பிடிச் சொல்லேல்ல அம்மா. சந்தை நிர்வாகம் உங்கட கணக்கு இருக்கிற அறிக்கையைக் கேட்டது, குடுத்தனான். உங்களையும் சேர்த்துத்தான் செய்யோணும் எண்டு எழுதினனான்."

"அம்பது இல்லீங்க மிஸ். பத்துதான். எல்லாரும் கூட்டித்தான் சொன்னோம். அழிச்சு எழுதுங்க."

"பத்தா?" யதுஷா கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீங்க மதிக்கணும்ல."

யதுஷா கம்பியை விட்டாள். "தீசிஸ் குடுத்தாச்சு அம்மா. வாற மாசம் வைவா சோதினை. இப்ப போய் நம்பர் பிழை எண்டு சொன்னால்... நாலு வருச வேலை அம்மா."

"எனக்கு இருவத்திரெண்டு வருசம்."

"கதைச்சுப் பாக்கிறன்," என்றாள் யதுஷா. முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சீனியம்மா கேற்றுக்கு வெளியே நின்றாள். உள்ளே தொட்டியைத் தராசில் ஏற்றினார்கள். பசளை லொறிக்காரன் எட்டிப் பார்த்தான். நூற்றுப் பத்து கிலோ. அறுநூறு இல்லாமல் எடுக்கமாட்டேன் என்று கையை விரித்தான். மேற்பார்வையாளர் இராமரைக் கூப்பிட்டு, அப்போதுதான் இறக்கிய மூடைகளைக் காட்டினார்.

இராமர் கயிற்றை அறுத்து மூடையைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். ஒன்றிலும் கீறல் இல்லை. இரண்டாவது மூடை. மூன்றாவது. அதில் ஒரு கோவா விளிம்பில் பட்டுத் தெறித்து, வெடித்து, கேற்றடிக்கு உருண்டு வந்து நின்றது. சீனியம்மா கம்பிக்குள் கையை விட்டாள். எட்டவில்லை.

இராமர் நடந்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.