பின்னணி வாசிப்பு

என் கணவர் பாட ஆரம்பித்தால் வீட்டில் குழாய்கூடச் சொட்டக் கூடாது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே அவர் ஒரு கைப்பேசிக் குழுவில் சேர்ந்துவிட்டார். ‘இசை உள்ளங்கள்’ என்று பெயர். ஆளாளுக்குப் பாடிப் பதிவு செய்து போடுவார்கள், மற்றவர்கள் ஆகா என்பார்கள். நாளைக்குத் தனக்கும் ஒரு ஆகா வேண்டும் என்பதால் அங்கே யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. இசை சேர்த்துப் பாடினால் இசை ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமும் போவதால், இவர் வெறும் குரலில்தான் பாடுவார்.

பதிவு நேரத்தில் ஜன்னல்களைச் சாத்துவார். மின்விசிறியை நிறுத்துவார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகள் தும்மலை அடக்கிக்கொண்டு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவாள். அடுத்த வீட்டு நாயை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுவும் பாவம், பல்லவி முடியும்வரை பொறுத்துத்தான் பார்க்கும்.

நான் முன்னறை ஜன்னலோரம் மிதி மெஷினில் பள்ளிச் சீருடைகள் தைக்கிறேன். ஒரு துணிக்கடைக்காரர் வெட்டிய துணியைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துப்போவார். கணவர் படுக்கையறை வாசலில் வந்து போக்குவரத்துக் காவலர் மாதிரி கையைக் காட்டினால் நான் மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஊசி துணியில் குத்தியபடியே நிற்கும். அவர் சுருதி தேடுவார், தொண்டையைச் செருமுவார், முதலிலிருந்து பாடுவார், மறுபடி முதலிலிருந்து பாடுவார். பாதி தைத்த சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அமைதியாக இருப்பதும் அமைதியாக இருக்க வைக்கப்படுவதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முன்னதில் மனம் ஓய்கிறது. பின்னதில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.

ஒருநாள் அவர் கை காட்டியதை நான் கவனிக்கவில்லை. நிஜமாகவே கவனிக்கவில்லை. சட்டைகளின் பக்கவாட்டை வரிசையாக மூட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாடி முடித்துப் போட்டும் விட்டார். போடுமுன் கேட்டுத்தான் பார்த்தாராம். தன் குரல் ஒலிக்கும் இடத்தில் வேறெதுவும் அவர் காதில் விழாது.

சற்று நேரத்தில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். குழு கொண்டாடித் தீர்த்திருந்தது. ‘தாளம் வாசித்தது யார் சார்?’, ‘என்ன நிதானம், என்ன அடக்கம்!’, ‘விரல் பேசுது!’

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, அது அம்மாவோட மெஷின்.”

“எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?”

“என்னன்னு சொல்லியிருக்கீங்க?”

“என் நண்பர் ஒருத்தர், பெரிய வித்வான்னு சொல்லியிருக்கேன். கூச்ச சுபாவம், முகம் காட்ட மாட்டார்னு.”

“விரல் இல்லப்பா, கால். கால் பேசுது.”

“நீ வேலைக்குக் கிளம்பு முதல்ல.”

மறுநாளிலிருந்து சட்டம் தலைகீழானது. அவர் கை காட்டினால் நான் தைக்க வேண்டும். “காலர் வேண்டாம், அது விட்டு விட்டு வருது. நீட்டா ஏதாவது தை. இந்தப் பாவாடை விளிம்பு இருக்கே, அதை எடுத்துக்கோ. அவசரப்படாதே, மெதுவா மிதி, உருக்கமான பாட்டு.” சட்டைக்குள் பாவாடையும் பாவாடைக்குள் சட்டையுமாக என் வேலை குழம்பியது. முன்பு அவர் பாட்டுக்காக என் வேலை நின்றது. இப்போது அவர் பாட்டுக்காக ஓடியது. எது பெரிய அவமானம் என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குள்ளும் ஒரு அற்பம் உட்கார்ந்திருந்தது. அவர் குளிக்கப் போகும்போது கைப்பேசியை எடுத்து அந்தப் பாராட்டுகளைப் படிப்பேன். இத்தனை காலம் தைத்ததில் எந்தச் சட்டையும் என்னிடம் திரும்பி வந்து ‘என்ன நிதானம்’ என்று சொன்னதில்லை. யாரோ ஒரு ஆணைத்தான் புகழ்கிறார்கள் என்று தெரிந்தும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

ஒரு மதியம் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். தனியாக உட்கார்ந்து சட்டைப் பைகளுக்குப் பட்டை வைத்துக்கொண்டிருந்தேன். தைத்ததை எடுத்து அடுக்கும்போது துணுக்கென்றது. வழக்கத்தில் பாதிதான் இருந்தது. காலைக் கவனித்தேன். அவர் இல்லாதபோதும் அது அவர் பாட்டின் வேகத்தில்தான் மிதித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் தயங்கியது. என்னிடம் கேட்காமல் என் காலைக் கடன் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. அன்று பூராவும் காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டேன்.

கடைக்காரர் வந்தபோது குவியலைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னக்கா இது? நீங்களா இவ்வளவு மெதுவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமும் வேணும். பள்ளிக்கூடம் திறக்குது. இல்லேன்னா மன்னிச்சிடுங்க, இனிமே வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

“வந்துரும் தம்பி.”

“உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல கச்சேரி.”

அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் இசை உள்ளங்கள் வித்வானோடு நேரலை வேண்டும் என்று அடம்பிடித்தன. கணவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். படுக்கையறை வாசலுக்குத் திரை கட்டினார். “வித்வான் திரைக்குப் பின்னாலதான் வாசிப்பார்னு சொல்லிட்டேன். நீ வாயே திறக்காதே. மெதுவா, ஒரே சீரா.”

“இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு.”

“அதைத்தானே செய்யச் சொல்றேன்!”

பாட்டு தொடங்கியது. நான் சட்டைகளை எடுத்தேன். முதல் சட்டையில் கால் பழைய அடிமைத்தனத்துக்கு நழுவப் பார்த்தது. அதட்டி என் வேகத்துக்குக் கொண்டுவந்தேன். மூட்டினேன், திருப்பினேன், அடுத்ததை வைத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் உருக்கமான பாட்டு நடக்க ஆரம்பித்தது, பிறகு ஓட ஆரம்பித்தது. கிளம்பிவிட்ட பேருந்தைத் துரத்துகிறவர் போலச் சொற்களை அள்ளிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். “பலே! துரித காலம்!” என்று கைப்பேசியிலிருந்து யாரோ கத்தினார்கள். நான் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தேன். என் கால் என்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு வழியாக உச்ச இடத்தைப் பிடித்து இழுத்து நின்றபோது மெஷின் வெறும் ஓட்டம் ஓடியது. நிறுத்தினேன்.

“என்னாச்சு?” என்று அவர் பல்லுக்கிடையில் கேட்டார்.

“நூல் தீந்துபோச்சு. பாபின் மாத்தணும்.”

“யாருங்க சார் அது, பொம்பளைக் குரல்?” என்றது கைப்பேசி.

“அது… வித்வானோட வீட்டம்மா. அவருக்குத் திடீர்னு உடம்புக்கு என்னமோ… அப்புறம் பேசறேன்.”

திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வியர்த்திருந்தது. “மானம் போச்சு! இப்ப நான் அவங்ககிட்ட என்ன சொல்றது?”

“செத்துட்டார்னு சொல்லுங்க” என்றேன், புது பாபினை மாட்டிக்கொண்டே.

ஆத்திரத்தில் சொன்னது. மனிதர் அதைச் செய்தே விட்டார்.

சாயங்காலம் கடைக்காரர் மொத்தச் சட்டைகளையும் கட்டித் தூக்கிக்கொண்டு, அடுத்த துணிக் கட்டை இறக்கிவிட்டுப் போனார். அதற்குள் இரங்கல் குவிந்திருந்தது. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு.’ ‘கடைசிவரை வாசித்துக்கொண்டே போனாரே, கொடுத்து வைத்தவர்.’ ‘அந்த அம்மாவுக்கு எங்கள் ஆறுதலைச் சொல்லுங்கள்.’ அந்தக் கடைசிச் செய்தியை அவர் எனக்கே வாசித்துக் காட்டினார், ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைப்பவர் போல. புருஷன் எதிரே நின்றுகொண்டிருக்கிறார், நான் விதவை. துக்கம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வித்வானுக்காகக் கொஞ்சம் வந்தது.

மறுநாள் காலை அஞ்சலிப் பாட்டு. வாசலில் வந்து கையைக் காட்டினார். நிறுத்தச் சொல்லித்தான்.

நான் அவர் கையைப் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். பிறகு அடுத்த சட்டையை ஊசிக்கடியில் வைத்து மிதித்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். குழு காத்திருந்ததால் உள்ளே போய்ப் பாடினார்.

சற்று நேரத்தில் கைப்பேசியோடு வந்து என் முன்னால் நின்றார். “கேட்டியா? ‘உயிர் போயும் உங்களை விட்டுப் போகலையே சார், கூடவே வாசிக்கிறாரே’ன்னு எழுதியிருக்காங்க.” அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

“தள்ளி நில்லுங்க,” என்றேன். “வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”